உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் அத்தை விட்டுவிட்டார்கள்

எவ்வளவு கூட்டம் நெரிந்தாலும் பேருந்தில் எனக்கென்று ஒரு ஜன்னலோரம் பிடித்து வைக்கும் என் மாமாவுக்கு,

தாமதமாகத்தான் எழுதுகிறேன். நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த வாரத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டும். அப்போது யாழினி தவழ ஆரம்பித்திருந்தாள். தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பின்னாலேயே ஓடியதில் உட்கார்ந்து அழக்கூட எனக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை. இப்போது உங்கள் பேத்தி நடக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, மாலை போட்ட உங்கள் படத்துக்குக் கீழே வந்து நின்று, மேலே கையைக் காட்டி ஏதோ கேட்கிறாள். என்ன கேட்கிறாள் என்று உங்களுக்காவது புரிகிறதா?

மாமனாருக்கு மருமகள் எழுதும் கடிதத்தை ஊரார் படிக்கக் கொடுப்பது சரியா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் எத்தனை வீடுகளில் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறதோ. அதனால் உங்களிடம் சொல்கிறேன். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அத்தை சிதம்பரத்தில், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், மாமா. நிமோனியா.

சேத்தியாத்தோப்பில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில்தான் ஆரம்பித்தது. காய்ச்சல் என்று பெரிதாக இல்லை. இருமலும் இல்லை. எந்நேரமும் தூங்கியிருக்கிறார்கள். எழுப்பினால் ஒன்று கேட்க ஒன்று சொல்லியிருக்கிறார்கள். சின்னத்தை போன் பண்ணி, "அக்கா என்னமோ மாதிரி பேசுது நிவேதா, உங்க மாமா பஸ்ஸ கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டாருங்குது" என்றார். அங்கிருந்து நேராகச் சிதம்பரம். எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பக்க நுரையீரலில் மார்கழி மாதத்து வெள்ளாற்றுப் பனி போல வெள்ளையாகக் கிடந்தது. வயசானவர்களுக்கு நிமோனியா இப்படித்தான் வருமாம். காய்ச்சலே காட்டாமல், பேச்சை மட்டும் குழப்பிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளுமாம்.

உங்கள் மகன் பிரபு ராத்திரிக்கு அங்கே தங்குகிறார். பகலுக்கு நான். யாழினியை என் அம்மா செம்மண்டலத்தில் நம் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்கிறார். ஆக, தினமும் நீங்கள் விசில் ஊதிய அதே வழியில்தான் போய் வருகிறேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது வெயில் தண்ணீரில் பட்டு பஸ்ஸின் கூரைக்குள் நெளியும் அல்லவா, அதைப் பார்த்தபடியே கண் சொருகிவிடும். அரைத்தூக்கத்தில் உங்கள் விசில் கேட்கும். சில்லறைப் பை குலுங்கும் சத்தம் பக்கத்தில் வந்து நிற்கும். மாமா என்று கண்ணைத் திறந்தால் வேறு யாரோ ஒரு கண்டக்டர், "எங்கம்மா எறங்கணும்?" என்பார்.

அத்தைக்கும் அந்த முதல் இரண்டு நாளும் வார்டே பஸ்ஸாகத்தான் இருந்தது. கட்டில்களெல்லாம் சீட்டு. சலைன் பாட்டில் தொங்கும் கம்பி, நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பி. "ஏம்மா, டிக்கெட்டு வாங்கிட்டியா? உன் மாமா முன்னாடிலேர்ந்து வந்துக்கிட்டு இருக்காரு பாரு" என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், மாமா. படித்தவள்தான், பி.எஸ்ஸி. முடித்தவள்தான். இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன். வார்டின் கோடியில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் தரையில் விழுந்து கிடந்தது.

மூன்றாம் நாள் தெளிந்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். அப்போதுதான் டாக்டர் வந்து, தையற்காரர் மாதிரி ஒரு நாடாவை எடுத்து அத்தையின் புஜத்தைச் சுற்றி அளந்தார். சின்ன வயசுப் பெண். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அளந்துவிட்டு நாடாவைச் சுருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"வீட்ல என்ன சாப்புடுவாங்க?"

"உப்புமா. ரசம் சாதம். பாவக்கா."

"டெய்லியுமா?"

"ஆமா டாக்டர்."

"முட்டை, மீனு, பாலு, பருப்பு? எதுவும் இல்லியா? விரதமா?"

என்னவென்று சொல்வது? "இல்ல டாக்டர், அதெல்லாம் எங்க மாமாவுக்குப் புடிச்சது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கமாட்டாரா?

உங்களுக்கு இது தெரியாது. நீங்கள் போன பிறகு நடந்தது. உங்கள் காரியம் முடிந்த அன்று வந்திருந்த பெண்களில் யாரோ வழக்கம்போல் அத்தையிடம் சொன்னார்கள், வருஷம் திரும்புகிற வரைக்கும் அவருக்குப் பிடிச்சது ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்று. ஒன்றுதான். மற்ற வீடுகளில் கத்தரிக்காயை விடுவார்கள், காபியை விடுவார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார்கள். யோசித்து யோசித்து, "எதுன்னு எடுக்கறது? அந்த மனுசனுக்கு எல்லாமேதான புடிக்கும்? எல்லாத்தையும் விட்டுடறேன்" என்றார்கள்.

மாமா, உங்கள் நாக்கு அப்படி. விடியற்காலையில் தேவனாம்பட்டினத்துக்கு டி.வி.எஸ்.ஸை விரட்டிப் போய், படகு கரையேறும்போதே நின்று மீன் வாங்குவீர்கள். முட்டை எந்த ரூபத்தில் வந்தாலும் விடமாட்டீர்கள். கெட்டித் தயிர், வேர்க்கடலை, பருப்பு வடை, சுண்டல், கோழி, பால்கோவா, திக்காக ஒரு காபி. உங்களுக்குப் பிடிக்காதது என்று இந்த உலகத்தில் பாகற்காயும் ரவை உப்புமாவும்தான் என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். அத்தைக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போனது அவை இரண்டும்தான். அவற்றோடு, பிடித்தது பிடிக்காதது என்ற கணக்கில் வராத சோறும் ரசமும்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. கன்னத்தில் பள்ளம் விழுந்தது. புடவையை முன்னைவிட ஒரு கொசுவம் கூட்டிக் கட்டினார்கள். துக்கத்தில் இளைக்கிறார்கள் என்று நினைத்தேன். வயசானால் இளைக்கத்தானே செய்வார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். யாழினி ஒரு வேளை பால் குடிக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுகிறவள் நான். அதே வீட்டில் ஒருவர் கரைந்துகொண்டிருப்பதற்குத் துக்கம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

டாக்டர் கோபிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தே சொன்னார். "கிருமிய கொல்ற மருந்து நாங்க குடுத்துடுவோம். ஆனா சளிய வெளிய தள்ளறது அவுங்கதான். அதுக்கு இருமணும். இருமறதுக்கு சதை வேணும்மா. மூச்சு இழுக்கறதுக்கே சதைதான் வேணும். வயசானவங்க படுத்துட்டா நாலு நாள்ல சதை கரைஞ்சிடும். இவுங்க வரும்போதே கரைஞ்சி வந்திருக்காங்க. நல்லா சாப்டுட்டு வர்றவங்க நிமோனியாலேர்ந்து எழுந்திரிக்கற மாதிரி இந்த மாதிரி மெலிஞ்சி வர்றவங்க எழுந்திரிக்கறதில்ல. நான் பயமுறுத்தல. சாப்ட வைங்க."

அப்புறம் எழுந்து நின்று இன்னொன்றும் சொன்னார். நாளை மறுநாள் வரைக்கும் பார்ப்போம், வாய் வழியாகப் போகவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும். அத்தை ஏற்கனவே சலைன் ஊசியைப் பிடுங்கிப் போட்டவர்கள். குழாய் விட்டால் கையைக் கட்டிலோடு கட்டி வைக்க வேண்டியிருக்கும்.

கையைக் கட்டுவது. அதற்குமேல் எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடித் தேடிப் படித்தேன். எல்லாம் அதையேதான் சொன்னது. வயதானவர்கள், மெலிந்தவர்கள், நிமோனியா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வேறு வேறு வார்த்தையில் அதே பயம். எதிலும், செத்துப்போன கணவருக்காகச் சத்தை எல்லாம் விட்டவர்களைச் சாப்பிட வைப்பது எப்படி என்று எழுதியிருக்கவில்லை.

கெஞ்சினேன். பிரபு வந்து கத்தினார், அப்புறம் அழுதார். "வருசம் திரும்ப இன்னும் கொஞ்சம் நாள்தான்டா இருக்கு, அதுவரைக்கும் தாங்காதா இந்த ஒடம்பு?" என்று அத்தை மகனின் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். தாங்காது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் ரோஸ்லின் அக்கா என்று ஒருவர், தன் அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்திருக்கிறார். எல்லோருடைய வீட்டுக் கதையும் அவருக்குத் தெரியும். அவர் ஒரு முயற்சி செய்தார்.

"யம்மா, எங்க ஆண்டவரு செத்து எழுந்து வந்ததும் மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? சாப்ட எதுனா இருக்கான்னுதான். மீன் துண்டு குடுத்தாங்க, சாப்ட்டாரு. செத்தவரே சாப்ட்டாரு, நீ ஏன் பட்டினி கெடக்கற?"

அத்தை முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைச் சற்றே தூக்கி, "அவரு எழுந்து வந்துட்டாரு. இவரு வரலையே" என்றார்கள்.

ரோஸ்லின் அக்கா எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்களைக் கூப்பிட்டேன். நிஜமாகவே கூப்பிட்டேன், மாமா. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரே ஒரு தடவை கனவில் வாருங்கள் என்று வேண்டினேன். வந்து, அவளைச் சாப்பிடச் சொல்லும்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. தூக்கமும் வந்தது. வெளிச்சமும் நிழலும் இமைமேல் மாறி மாறி ஓடின. ஆனால் நீங்கள் வரவில்லை. வரத்தான் விடுவேனா, கண்ணை மூடினாலே யாழினி இருமினாளா, அம்மா கஞ்சியை ஆற வைத்துக் கொடுத்தாரா என்றுதான் ஓடுகிறது. என் தூக்கத்தில் உங்களுக்கு நிற்க இடம் இருந்திருக்காது.

அதனால் பொய் சொல்வது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் வேகவைத்த முட்டை ஒன்றை மசித்து, குழைந்த சோற்றில் கலந்து எடுத்துக்கொண்டு போனேன். அத்தையைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன். படுத்தபடி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள்ளேயே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அத்தை, நேத்து பஸ்ல மாமா கனவுல வந்தாரு."

அத்தையின் கண் அகலமாகத் திறந்தது. "வந்தாரா? எப்டி இருந்தாரு?"

"நல்லாதான் இருந்தாரு. காக்கிச் சட்ட போட்டுக்கிட்டு, பையை மாட்டிக்கிட்டு. எம் பக்கத்துல வந்து நின்னாரு."

"அப்பறம்?"

"உங்களப் பத்திதான் கேட்டாரு. அத்த சாப்ட்டாளாம்மான்னு கேட்டாரு. இல்ல மாமான்னேன். நீயாவது எடுத்துச் சொல்லி சாப்ட வைம்மான்னாரு."

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உதடு நடுங்கியது. தோள் குலுங்க ஆரம்பித்தது. ஐயோ, அழ வைத்துவிட்டோமே என்று பதறிக் கையைப் பிடித்தேன். அழவில்லை, மாமா. சிரித்தார்கள். நீங்கள் போனதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் மறுபடியும் சிரிப்பாக மாறியது.

"பொய் சொல்றடி."

"இல்லத்தை..."

"பொய். அந்த மனுசன் ஒரு நாளும் என்னப் பாத்து சாப்ட்டியான்னு கேட்டதில்ல. செத்தப்பறம் வந்து கேக்கப் போறாரா? 'எனக்கு எங்க'ன்னு கேட்டாருன்னு சொல்லு, நம்பறேன்."

ஜன்னலோரம் நின்ற ரோஸ்லின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "மாட்டிக்கினியா தங்கச்சி" என்றார். பக்கத்துக் கட்டில் அம்மாகூடச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்த வார்த்தை எனக்குள் இறங்கியது. ஒரு நாளும் கேட்டதில்லை.

நிஜமா மாமா? என்னைக் கேட்பீர்களே. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "சாப்ட்டியாம்மா?" என்பீர்கள். டிரைவரைக் கேட்பீர்கள். கூடையோடு ஏறும் மீன்காரப் பெண்களைக் கேட்பீர்கள். முட்லூர் நிறுத்தத்தில் படுத்துக் கிடக்கும் அந்தப் பெரியவரைக் கேட்டு, கையில் இருக்கும் கடலைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். ஊரையே கேட்டவர் நீங்கள். சமைத்தவளைச் சாப்பிட்டாயா என்று கேட்பானேன், சமைத்தவள் சாப்பிடாமலா இருப்பாள் என்று நினைத்துவிட்டீர்களா? உங்களைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். நானும் கேட்டதில்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "அத்தை, உங்களுக்கு என்ன புடிக்கும்?"

"எனக்கென்னம்மா, உன் மாமாவுக்கு எது..."

"மாமாவுக்கு இல்ல. உங்களுக்கு."

அத்தை கூரையைப் பார்த்தார்கள். ரொம்ப தூரத்தில் எதையோ தேடுவது போலிருந்தது முகம். தூங்கிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

"தெரியலையே" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, கூச்சத்தோடு, "வாத்து முட்டை" என்றார்கள்.

கல்யாணத்துக்கு முன்பு சேத்தியாத்தோப்பில் அறுப்பு முடிந்ததும் வயலில் வாத்து மேய்ப்பவர்கள் வந்து இறங்குவார்களாம். வயல் முழுக்க வெள்ளையும் பழுப்புமாகச் சளசளவென்று நகர்ந்துகொண்டிருக்குமாம். காலையில் சேற்றில் முட்டை கிடக்குமாம், நிலா விழுந்து கிடப்பது மாதிரி இருக்கும் என்றார்கள். அத்தையா இப்படிப் பேசுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி தங்கைகளோடு அடித்துப் பிடித்துக்கொண்டு தின்பார்களாம். கல்யாணமாகிச் செம்மண்டலத்துக்கு வந்த புதிதில் ஒரு நாள் ஆசையாக வாங்கி வேகவைத்திருக்கிறார்கள். நீங்கள் வேலை முடிந்து வந்து மூக்கைச் சுளித்து, "என்ன கவுச்சி இது? இந்தச் சட்டில இனிமே எனக்கு எதுவும் செய்யாத" என்றீர்களாம். உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருக்காது. அதோடு வாத்து முட்டை நம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அதனால்தான் உங்களுக்குப் பிடிக்காதவற்றில் இப்படி ஒன்று இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாமல் போயிற்று.

நான் கட்டிலுக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன், மாமா.

"அத்தை, அப்ப அது மாமாவுக்குப் புடிக்காதது."

"ஆமா. சுத்தமா புடிக்காது."

"அப்ப நீங்க அத விடல."

அத்தை யோசித்தார்கள். "முட்டை முட்டைதானம்மா."

"சப்பாத்தி மாமாவுக்குப் புடிக்கும்னு விட்டீங்க. ரவை உப்புமா மட்டும் சாப்டறீங்க. ரெண்டும் கோதுமைதான?"

அத்தை ரோஸ்லின் அக்காவைப் பார்த்தார்கள். அவர் நீதிபதி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று, "யம்மா, மருமவ சொல்றது நாயம். அவருக்கு ஆவாதது உனக்கு ஆவும். அதான நீ வெச்ச சட்டம்?" என்றார்.

பிரபுவுக்குப் போன் போட்டேன். "வாத்து முட்டையா? எங்கம்மா அதத் தொட்டுகூட நான் பாத்ததில்லியே" என்றார். "அதனாலதாங்க, சீக்கிரம் போயிட்டு வாங்க" என்றேன். சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் அலைந்து, அங்கே இல்லாமல், வாத்துக் கூட்டம் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது என்று விசாரித்துப் போய், வரப்பில் நின்று வாங்கியிருக்கிறார். சின்னத்தை நன்றாக வேகவைத்து, ரசமும் குழைந்த சோறுமாகத் தூக்கில் கட்டிக் கொடுத்திருந்தார். டாக்டரிடம் கேட்டேன். "கோழியோ வாத்தோ, உள்ள போனா சரி. உக்கார வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க" என்றார்.

மஞ்சள் கரு செம்மண் நிறத்தில் இருந்தது. அதை மட்டும் எடுத்துச் சோற்றோடு மசித்து, மிளகுத்தூள் தூவி, யாழினிக்குக் கொடுப்பது போல் ஸ்பூன் நுனியில் எடுத்து நீட்டினேன். அத்தை வாயைத் திறக்கவில்லை. ஸ்பூனைப் பார்த்தார்கள். உங்கள் மகனைப் பார்த்தார்கள். நாளைக்குக் குழாய், கட்டிய கை. ஸ்பூனிலிருந்து ஒரு பருக்கை கீழே விழுந்தது.

வாய் திறந்தது.

மென்றார்கள். கண் மூடியே இருந்தது. தொண்டையில் அது இறங்குவதை நான் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "உப்பு பத்தலம்மா" என்றார்கள்.

பிரபு வராந்தாவுக்கு ஓடினார். உப்பு வாங்கவா, அழவா என்று நான் கேட்கவில்லை.

அன்று மஞ்சள் கரு மட்டும். மறுநாள் முழுதாக ஒன்று, வெள்ளைக் கருவோடு. அதற்கடுத்த நாள் அத்தை இருமினார்கள். கட்டில் அதிர, வயிற்றிலிருந்து எழுப்பி, ஒரு இருமல். எத்தனையோ நாளாக உள்ளே உட்கார்ந்திருந்த சளி வந்து விழுந்தது. டாக்டர் அதை ஏதோ பரிசு கிடைத்தது மாதிரி பார்த்தார். "இந்த இருமல்தான் எனக்கு வேணும்" என்றார். குழாய்ப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மாஸ்க்கை எடுத்துவிட்டு மூக்கில் மெல்லிய டியூப் மட்டும் வைத்திருக்கிறார்கள். அபாயம் முழுக்கத் தாண்டவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். போன சதை சீக்கிரம் திரும்பி வராதாம். வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். நேற்று அத்தை கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். யாழினி நிற்பது போலவே, முழங்கால் இரண்டும் ஆட.

இப்போது என் வேலை என்ன தெரியுமா? உங்களுக்கு வேறு என்னென்ன பிடிக்காது என்று தேடித் திரிகிறேன். உங்களோடு ஓட்டிய டிரைவர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அவருக்குப் புடிக்காததா? அப்டி ஒண்ணு இருந்துதா?" என்று அவர் சிரித்தார். அப்புறம் யோசித்து, கொள்ளு என்றார். குதிரைக்குப் போடறத எனக்குப் போடறீங்களா என்று ஒரு ஓட்டலில் தட்டைத் தள்ளிவிட்டீர்களாம். கொள்ளு எவ்வளவு சத்து தெரியுமா? இன்று கொள்ளு ரசம். இன்னும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், மாமா. வாயைத் திறந்து சொல்ல முடியாவிட்டால், பாலத்தில் பஸ் ஏறும்போது எனக்குத் தோன்ற வையுங்கள்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். இல்லை. எனக்கு ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்தவர்மேல் எப்படிக் கோபம் வரும்? ஆனால் ஒரு வருத்தம் இருக்கிறது. அத்தை உங்களுக்காக விட்டதெல்லாம் இவ்வளவு என்று வரிசையாகச் சொல்ல எங்களால் முடிந்தது. அவர்களுக்கென்று பிடித்தது என்ன என்று கேட்டதற்கு, அவர்களுக்கே பதில் தெரிய அத்தனை நேரமானது. யாழினி வளர்ந்து ஒரு வீட்டுக்குப் போய், அவளிடம் யாராவது இதைக் கேட்டால், அவள் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நான் இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

வருஷம் திரும்பும் நாள் வந்துகொண்டிருக்கிறது. அன்று எல்லாம் செய்வேன், மாமா. வஞ்சிர வறுவல், முட்டைத் தொக்கு, கோழி, வடை, தயிர், திக்கான காபி ஒரு டம்ளர். எதிலும் குறை வைக்கமாட்டேன். ஆனால் முறையை ஒன்று மாற்றப் போகிறேன். படையல் போட்டு, காக்கை எடுத்து, அதன் பிறகுதான் வீட்டில் வாய் நனைப்பது என்பதுதானே வழக்கம். இந்த முறை முதல் இலை அத்தைக்கு. அவர்கள் உட்கார்ந்து, எனக்கு இது வேணும், இது வேண்டாம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்த பிறகுதான் உங்களுக்கு இலை போடுவேன். உறவுக்காரர்கள் பேசுவார்கள், பேசட்டும். உங்களுக்குப் பசித்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது நான் உங்களுக்குச் செய்து தரும் சத்தியம்.

அத்தையைப் பத்திரமாக வீட்டுக்கு அழைத்து வர நாளைக் காலை பஸ்ஸுக்கும் கிளம்பப் போகிற,
உங்கள் மருமகள்
நிவேதா